நார்த்தங்காய் போட்ட சீசர் சாலட்

நல்லசிவம் பதினோரு வருஷமாக சீசர் சாலட் போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒரு வாய்கூட அவர் சாப்பிட்டதில்லை.

அவர் வேலை பார்த்தது தெற்கு டெல்லியில் பூங்கா ஒன்றைப் பார்த்தபடி இருந்த ஒரு கஃபேயில். மேலே கண்ணாடிக் கூரையும் மூங்கில் நாற்காலிகளுமாகக் குளுகுளுவென்று இருக்கும். கீழே அடித்தளத்தில் சமையலறை. இருபத்திரண்டு வயதில் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தவர், கரோல்பாக்கில் ஒரு மெஸ்ஸில் பல வருஷம் மாவாட்டி, சட்னி அரைத்து, பிறகு இந்த கஃபேக்கு வேலை கேட்டு வந்தார். அப்போது இருந்த செஃப் அபினவ், "இறைச்சி தொடுவியா?" என்று கேட்டான். நல்லசிவம் சைவப்பிள்ளை வீட்டுப் பையன். முட்டைகூடக் கிடையாது என்றார். "அச்சா, அப்ப நீ சாலட் பக்கம் நில்லு. வெறும் கீரைதானே" என்று ஓரத்தில் இருந்த நீள மேஜையைக் காட்டினான் அபினவ்.

வெறும் கீரை இல்லை என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. சீசர் சாலட்டுக்கு மேலே ஊற்றுகிற ட்ரெஸ்ஸிங்கில் பச்சை முட்டையின் மஞ்சள் கரு போக வேண்டும். அதோடு டின்னில் எண்ணெயில் ஊறிய நெத்திலி மீனும் போக வேண்டும். டின்னைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, முனிர்காவில் அட்வான்ஸ் கொடுத்து அறை எடுத்தாயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு நெத்திலியைப் பூண்டோடு சேர்த்து நசுக்கினார். அன்றிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் குளியல், அப்புறம்தான் பேச்சு.

மீன் வாடை கொஞ்ச நாளில் பழகிவிட்டது. ஆனால் தான் செய்கிற பண்டத்தைத் தானே ருசி பார்க்க முடியாதவர் அடுத்தவர் நாக்கை நம்பித்தான் பிழைக்க வேண்டும். அது மட்டும் பழகவே இல்லை. அபினவ் விரலால் தொட்டு நக்கி, "எலுமிச்சை பத்தாது" என்பான். அவர் பிழிவார். மேனேஜர் வந்து, "இன்னிக்கு ரொம்பப் புளிக்குதே" என்பான். அவர் எண்ணெய் விடுவார். யார் சொல்வது சரி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மேலேயிருந்து வரும் ஆர்டர் சீட்டுகள் அதற்கும் மேல். முட்டை வேண்டாம். பூண்டு வேண்டாம். ட்ரெஸ்ஸிங் தனிக் கிண்ணத்தில். கோழி இரண்டு பங்கு, ரொட்டித்துண்டு கிடையாது என்று ஜிம்முக்குப் போகிற பையன்கள். செவ்வாய்க்கிழமை அனுமார் விரதம் என்று கோழிக்குப் பதில் பனீர். இலையை வெட்டாமல் முழுசாக வை என்று ஒரு அம்மாள், பொடிப்பொடியாக நறுக்கு என்று அவளோடு வந்த தோழி. ஒருமுறை நவராத்திரி சமயத்தில் முட்டை, மீன், பூண்டு, ரொட்டி நான்கையும் எடுத்துவிடச் சொல்லி ஒரு சீட்டு வந்தது. நல்லசிவம் தட்டைப் பார்த்தார். கீரை இருந்தது, சீஸ் இருந்தது, எலுமிச்சம்பழம் இருந்தது. சீட்டில் 'சீசர்' என்றே போட்டிருந்தது.

"இதுக்கு ஒரு ஆட்டைக் கூட்டிட்டு வந்து மேய விட்டா போதாதா?" என்று அன்று வீட்டில் மாலாவிடம் கொதித்தார். மாலா லக்ஷ்மிபாய் நகரில் ஒரு தமிழ்ப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். "அவுக துட்டு குடுக்காவ, அவுக இஷ்டத்துக்குத் தின்னுட்டுப் போறாவ. நீங்க எதுக்கு வயித்தெரிச்சல் படுதீய?" என்றாள். நியாயம்தான். ஆனால் எரிவது எரிந்துகொண்டுதான் இருந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் இந்தச் சாலட் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு அபிப்பிராயம் உண்டு. தினம் முப்பது தட்டு போடுகிற தனக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அதுதான் அவரை அரித்தது.

போன வருஷம் அபினவ் குருகிராமில் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டான். புதுசாக வந்த செஃப் நிகிலுக்கு முப்பது வயதுதான் இருக்கும். வந்த வாரமே எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, "மெனுவை மாத்தப் போறேன். அவங்கவங்க போடுற ஐட்டத்தை அவங்கவங்களுக்குப் பிடிச்ச மாதிரி செஞ்சு காட்டுங்க. பத்து நாள் டைம்" என்றான். பிறகு சாலட் மேஜைக்கு வந்து, "ஷிவம் பாய், உங்களுக்கு சீசர் எப்படி இருந்தா பிடிக்கும்?" என்று ஹிந்தியில் கேட்டான்.

"நான் சாப்பிட்டதே இல்ல செஃப்."

நிகில் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க சாப்பிடுற மாதிரி செய்ங்க" என்றான்.

அந்தப் பத்து நாளும் முனிர்கா வீட்டுச் சமையலறையில் மிக்ஸி ஓயவில்லை. முட்டைக்கு மாற்று சீக்கிரம் கிடைத்தது. ஊறவைத்த முந்திரியும் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரும் சேர்த்து அரைத்தால் வழுவழுவென்று வந்தது. நெத்திலிக்குத்தான் மாற்றுக் கிடைக்கவில்லை. வெறும் உப்புப் போட்டால் உப்பாக மட்டும் இருந்தது. கடுகை அரைத்துப் பார்த்தார், கசந்தது. உலர்ந்த காளானை வறுத்துப் பார்த்தார், மண்வாடை அடித்தது.

ஏழாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது மாலா தயிர்ச்சோற்றுக்கு உப்பு நார்த்தங்காய் வைத்தாள். ஒரு துண்டைக் கடித்தவர், சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். நார்த்தங்காயில் இரண்டு துண்டை வெந்நீரில் ஊறப்போட்டு, விதையை எடுத்து, சுட்ட பூண்டோடு விழுதாக அரைத்து, முந்திரித் தயிரில் கலந்தார். உப்பு, புளிப்பு, அடியில் லேசான கசப்பு, அதற்கும் பின்னால் நாக்கில் நின்றுகொண்டே இருக்கிற ஏதோ ஒன்று. சாலட்டுக்குப் போடுகிற லெட்டூஸ் கீரையில் ஒரு இலையைக் கிழித்துத் தோய்த்து வாயில் போட்டார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, 'இது இப்படித்தான் இருக்கணும்' என்று அவருக்குத் தோன்றியது.

"எப்படி இருக்கு?" என்று மகள் அபூர்வாவிடம் நீட்டினார். நாலாம் வகுப்பு படிக்கிறவள். "அச்சா ஹை அப்பா. கொஞ்சம் மயோனைஸ் போட்டா இன்னும் சூப்பரா இருக்கும்" என்றாள்.

மாலா இரண்டு வாய் தின்று பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஒரு மிளகாயைக் கிள்ளிப் போட்டா சோத்துக்குத் தொட்டுக்கிடலாம்."

"உங்க ரெண்டு பேரு கிட்டயும் கேட்டேன் பாரு" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

செய்து காட்டும் நாளில் நிகில் முள்கரண்டியை எடுத்தவன் தட்டு காலியாகும்வரை கீழே வைக்கவில்லை. "எந்த நெத்திலி இது?" என்றான். மீனே இல்லை என்றதும் மறுபடி கிண்ணத்தை வழித்து நக்கினான். "பாய், எதையும் மாத்தாதீங்க. ஒரு சொட்டுகூட" என்றான். நல்லசிவத்துக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அன்று முனிர்காவுக்குப் பஸ் ஏறாமல் நடந்தே போனார்.

இரண்டு நாள் கழித்து முதலாளி ஸ்ம்ருதி வந்தாள். கஃபே அவளுடையது, மெனு அட்டையில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் அவள் பார்த்துத்தான் போகும். அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ருசி அருமை ஷிவம்ஜி. ஆனா பார்த்தா எல்லா சீசர் மாதிரிதானே இருக்கு? இதுல சவுத் எங்க தெரியுது?"

"தெரிய வேண்டாம் மேடம். உள்ள இருக்கு."

"உள்ள இருக்கறது போட்டோல வராதே!" என்று அவள் சிரித்தாள். கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே ஒரு யோசனை பளிச்சென்று வந்திருந்தது. அந்த வாரக் கடைசிக்குள் ரொட்டித்துண்டுக்குப் பதில் எண்ணெயில் பொரித்த குட்டி இட்லி வந்தது. மேலே தேங்காய்த் துருவல், தாளித்த கறிவேப்பிலை, ஓரத்தில் மிளகாய்ப்பொடி, அடியில் வாழையிலை. பெயர் 'மெட்ராஸ் சீசர்'.

"மேடம், நான் மெட்ராஸ்காரன் இல்ல. எங்க ஊருக்கும் மெட்ராஸுக்கும் ஒரு ராத்திரி ரயில்ல போகணும்."

"ஹாங் ஹாங், ஆனா திருநெல்வேலி சீசர்னு போட்டா யாருக்கு வாயில வரும்?"

நல்லசிவம் நிகிலைப் பார்த்தார். ஒரு சொட்டுகூட மாற்றாதே என்று சொன்ன நிகில், செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

போட்டோ எடுக்கிறவன் வந்த அன்று ஒரு பட்டுக்கரை வேட்டியைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அடுப்படியில் பேண்ட் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. கட்டிக்கொண்டார். நெற்றியில் சந்தனத்தோடு, கையில் சாலட் தட்டோடு, கடுவன் பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் படம் மாடிப்படி ஏறியதும் எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டது.

மெட்ராஸ் சீசர் ஓஹோ என்று போயிற்று. ஆர்டர் சீட்டுகளும் கூடவே வந்தன. இட்லி அதிகம், கீரை கம்மி. பொடி வேண்டாம், சாம்பார் இருக்கா? நார்த்தங்காய் விழுதைப் பற்றி ஒரு சீட்டிலும் ஒரு வார்த்தை இல்லை. தேங்காயும் பொடியும் சேர்ந்து அதை அமுக்கிவிட்டது அவருக்குத் தெரியும். ஒருநாள் விழுதே போடாமல் ஒரு தட்டு அனுப்பிப் பார்த்தார். தட்டு காலியாகித் திரும்பி வந்தது. அதைப் பார்த்தபோது யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் சர்வர் இறங்கி வந்து, மேலே ஒரு தமிழ்ப் பெரியவர் அவரைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றான். நல்லசிவம் ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போனார். மத்திய சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பட்டாபி, மருமகள் பேரன்களோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீர்தானா அது? ஏன் சுவாமி, இட்லியைப் போய் பொரிச்சுக் கீரை மேல போட்டிருக்கீரே, இதை நம்மூர்ல யாராவது பார்த்தா என்ன சொல்லுவா? இவாளுக்குத்தான் தெரியாது, உமக்குமா தெரியாது?"

இது நான் போட்டதில்லை, எனக்கும் பிடிக்காது, நான் செய்தது வேறே என்று சொல்ல வாயெடுத்தார். தன் முகமே சுவரில் நின்று சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதைச் சொல்ல? "மன்னிக்கணும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்த சீட்டுக்கு இலையைக் கிழிக்கப் போய், பாதிக் கூடையைக் கீழே கொட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் கடை திறக்குமுன் ஸ்ம்ருதியின் அறைக்குள் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், அந்தப் படத்தை எடுத்துருங்க. நீங்க என்ன வேணும்னாலும் வித்துக்கிடுங்க. நான் போட்டும் தர்றேன். ஆனா என் மூஞ்சி அதுல இருக்கக் கூடாது. ரெண்டாவது, நான் செஞ்ச மாதிரி ஒண்ணை மெனுல போடுங்க. இட்லி இல்லாம, தேங்கா இல்லாம."

முதலாளியிடம் அவர் இத்தனை நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஹிந்தியில் பாதியும் தமிழில் பாதியும் வந்தது. ஸ்ம்ருதிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "படத்தை எடுத்துடறேன். அது உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கும்னு நான் யோசிக்கல" என்றாள். "இன்னொண்ணை ஒரு மாசம் போட்டுப் பார்ப்போம்."

படம் அன்று சாயங்காலமே இறங்கியது. மெனுவில் கடைசி வரியில் 'ஹவுஸ் சீசர், முட்டை மீன் இல்லாமல்' என்று ஒன்று ஏறியது.

அந்த மாதம் முழுக்க நல்லசிவம் ஒவ்வொரு சீட்டையும் எட்டி எட்டிப் பார்த்தார். சில நாள் ஒன்று வரும், பல நாள் ஒன்றும் வராது. வந்ததிலும் பாதிக்கு 'ட்ரெஸ்ஸிங் தனியாக' என்று எழுதியிருந்தது. அந்தக் கிண்ணங்கள் தொடாமல் திரும்பி வந்தன. ஒரே ஒரு பெண் மட்டும் வியாழக்கிழமைகளில் வந்து அதையே கேட்டாள், எதையும் மாற்றச் சொல்லவில்லை. மூன்று வியாழன் வந்தாள். நான்காவது வியாழன் வரவில்லை. மாசம் முடிந்ததும் நிகில் சாலட் மேஜைக்கு வந்து நின்று, கத்தியை இங்கிருந்து அங்கே நகர்த்தி வைத்தான்.

"மெனுலருந்து எடுத்துட்டீங்களா?" என்றார் நல்லசிவம்.

"ஸாரி பாய். எனக்கு இப்பவும் அதுதான் பிடிச்சிருக்கு. அன்னிக்கு மேடம் முன்னாடி நான் பேசியிருக்கணும்."

"பேசியிருக்கணும்" என்றார் நல்லசிவம். கோபம் ஆறவில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் இரண்டு நாள் புலம்பினார். மாலா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "விக்கலேன்னா என்ன? பதினோரு வருசமா தெரியாம இருந்துச்சு, இப்ப உங்களுக்கு எது பிடிக்கும்னு தெரிஞ்சுட்டு. அதை நீங்க தின்னுங்களேன், யாரு வேண்டாம்னா?" என்றாள். அவருக்கு அது சமாதானமாகப் படவில்லை. இருந்தாலும் மறுநாள் டிபன் டப்பாவில் விழுதை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது கூட்டம் குறைகிற நாலு மணிக்கு, குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்த லெட்டூஸைக் கிழித்து, நெய்யில் பொரித்த ரொட்டித்துண்டும் சீஸும் போட்டு, தனக்கென்று ஒரு கிண்ணம் கலந்து நின்றபடியே சாப்பிடுகிறார். அது முடிந்ததும் மறுபடி இட்லி, தேங்காய், பொடி, சீட்டு என்று அதே சள்ளைதான். தந்தூர் அடுப்புக்காரன் ஒருநாள் வந்து ஒரு வாய் எடுத்துவிட்டு, "இதுல சாட் மசாலா போட்டா?" என்று ஆரம்பித்தான். நிகில் இன்னொரு நாள் முள்கரண்டியோடு வந்து நின்று, பேச்சுவாக்கில் எலுமிச்சை மூடி ஒன்றைக் கிண்ணத்துக்கு மேலே பிழியப் போனான்.

நல்லசிவம் அவன் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் செஃப்."

"ரெண்டே சொட்டு பாய்."

"உங்க தட்டுல பிழிஞ்சுக்கிடுங்க. இது என்னோடது."

நிகில் இன்னொரு தட்டை எடுத்து வரப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் நல்லசிவம் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டிருந்தார்.