கியரை நம்பி நிறுத்திய வண்டி

சாலைக் கடைவீதியில் ஓர் அரிசிக் கடையின் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் முதல் கியர் அடிக்கடி தானாக நழுவிவிடும். "அண்ணே, கியர் சாடுது. ஒர்க்‌ஷாப்புல காட்டும்" என்று சுமை இறக்கும் செல்லையா பலமுறை சொன்னான். "ஓணம் கழியட்டும்டே" என்று தள்ளிப்போட்டேன்.

அன்று ஓர் ஏற்றத்தில், ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காததால், முதல் கியரில் போட்டு நிறுத்திவிட்டு இறங்கினேன். செல்லையா பின்னால் நின்று மூட்டையை இழுத்தபோது கியர் நழுவியது. பின்னோக்கி உருண்ட வண்டி அவனை மதிலோடு சேர்த்து நசுக்கியது.

ஆஸ்பத்திரியில் அவனுடைய வலது காலை எடுத்துவிட்டார்கள்.

"கியர் கேடுன்னு ஒமக்குத் தெரியாதா அண்ணே?" என்று அவன் மனைவி கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

இப்போதெல்லாம் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் யாரையும் வண்டியின் பின்னால் போக விடுவதில்லை. கியர் ஒருமுறை நழுவினாலும், அன்றைக்கே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகிறேன்.