அப்பா சொன்னதும் நான் வெட்டச் சொன்னதும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலரும் அவரைக் குறும்படத்தில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர் ஏரியையும் அதை ஒட்டிய தாழ்ந்த நிலங்களையும் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக எடுத்த படம். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா பிறந்தது பருத்திப்பட்டில். ஏரியோரத்து நிலம் அவர் பங்குக்கு வந்தது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் காக்கிப் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வயலில் இறங்குவார். படம் எடுக்க வந்தவர்கள் வேட்டி, தலைப்பாகையோடு நிற்கச் சொன்னபோது, "நான் இன்னா நாடகத்துக்கா வந்துகீறேன்?" என்று கேட்டுவிட்டு, பேண்ட்டோடுதான் நின்றார். முன்கோபக்காரர். ஆனால் பொய் பேசத் தெரியாது. அந்தக் குணம் எனக்கு வரவில்லை.

ஊரெல்லாம் மனை போட்ட காலத்தில் அப்பாவும் ஆசைப்பட்டு, நிலத்தில் பாதியைக் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கினார். ஏரி நிரம்பினால் உபரி நீர் பரவி நிற்கும் இடம் அது. அடுத்த மழையில், போக்கிடம் இல்லாத தண்ணீர் பின்தெருவுக்குள் புகுந்தது. தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த செல்வி அக்காவின் வீட்டில் இடுப்பளவு. இரண்டு தையல் மிஷினும் போயின. எல்லோரும் ஏரியைத் திட்டினார்கள். மழை விட்டதும் அப்பா கொட்டியதையெல்லாம் அள்ள வைத்தார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இன்று நாரையும் நீர்க்கோழியும் இறங்குவது அந்தப் பள்ளத்தில்தான்.

கேமரா முன் அப்பா இதை அப்படியே சொன்னார். "கொட்னது நான்தான். செல்வி ஊட்ல தண்ணி பூந்தது என்னாலதான். நேர்ல சொல்ல வாய் வர்ல. படத்துலயாவது பாக்கட்டும்."

நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். கல்யாணமாகி நான் குடியிருப்பதும் அந்தப் பின்தெருவில்தான். அப்பாவுக்குத் தெரியாமல், படம் எடுத்த பெண்ணிடம் குடும்ப மானம் என்று கெஞ்சி அந்தப் பகுதியை வெட்ட வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் படம் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், செல்வி அக்காவும்தான். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"நான் சொன்னது எங்கேம்மா காணோம்? என்னை உத்தமனாட்டம் காட்டிக்கீறாங்க."

"நீளமாயிடுச்சின்னு வெட்டிட்டாங்களாம்பா."

நம்பிவிட்டார். இதயம் பலவீனமாகிப் படுத்த பிறகும், "அவங்களாண்ட பேசி அத்த சேக்கச் சொல்லும்மா" என்று என்னிடமே கேட்டார். சரி என்றேன். பேசவில்லை.

கடைசி நாட்களில் மருத்துவமனைக்கு எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் செல்வி அக்கா. ஒருநாள் அப்பா அவர் கையைப் பிடித்து ஏதோ சொல்ல முயன்றார். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்; பேச்சு வரவில்லை. "நல்லாயிடும் நைனா, பேசாத படு" என்றார் அக்கா. அப்பா சொல்ல வந்தது என்னவென்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றும் என்னை மன்னிக்க முடியவில்லை.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அப்பாவோடு வேலை பார்த்த நண்பர்களுக்கும், துணைநின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வெட்டிய பகுதியை மறுபடி சேர்த்துத் தந்த அந்தப் பெண்ணுக்கும் நன்றி. இன்று பந்திக்கு முன் முழுப் படத்தையும் போடுகிறோம்.

செல்வி அக்கா, உங்களுக்கு நன்றி மட்டும் சொன்னால் போதாது. படம் தொடங்கும் முன்பே இதைப் படித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது எங்கள் நிலத்தில் கொட்டிய இடிபாட்டால். அப்பா அதை உங்களிடம் சொல்லிவிட்டார். உங்கள் காதுக்கு வரவிடாமல் செய்தது நான்தான்.