ரெண்டு ஊர் மாத்திரையும் எங்க டாக்டர் சாரும்

டாக்டர் சார் போய்ட்டாராம்...

காலைல எங்க ஊரு குடிபாலா வாட்ஸ்அப் குரூப்ல பார்த்தேன். நைனா அப்போ தான் சட்டை மாட்டிக்கினு அவர்கிட்ட போறதுக்கே ரெடியா உக்காந்துக்கினு இருந்தாரு.

நேத்து தான் நைனாவ திருப்பதில டிஸ்சார்ஜ் பண்ணாங்க. ஹார்ட்டுக்குன்னு புதுசா மாத்திரைங்க குடுத்துக்கிறாங்க. "நம்ம சார் ஒரு தடவ பாக்கட்டும், அப்புறம் போட்டுக்கறேன்"னு புடிவாதம்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். எங்க ஊர்க்காரங்க சுகர், பிரஷருக்கு வேலூர் போவாங்க, மூட்டு வலிக்கு திருப்பதி, காய்ச்சலுக்கு சித்தூர் மெடிக்கல் ஷாப். அங்க குடுத்தத இங்க சொல்றதே கெடையாது. எல்லாத்தையும் சேத்து முழுங்கிடுவாங்க.

நைனாவும் அப்படித்தான். ஒரு தடவ கரும்புத் தோட்டத்துல தலை சுத்தி உழுந்துட்டாரு. கண்ணு சொருகிக்கினு கெடந்தாரு... அவ்ளோ தான்னு நெனச்சேன்.

சார்கிட்ட தூக்கிக்கினு ஓடினோம். பிரஷர் பாத்தாரு, ரொம்ப எறங்கிப் போயிருந்துச்சு, அவரு மூஞ்சி மாறிடுச்சு. தெலுங்கு மனுஷன், ஆனா எங்க தமிழ் தான் பேசுவாரு. "ஊட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் அள்ளிக்கினு வாம்மா"ன்னாரு.

அவரு டேபிள் மேல கொட்டினேன். வேலூர்ல குடுத்த பிரஷர் மாத்திரை ஒண்ணு, மூட்டு வலிக்கு போனப்போ திருப்பதில குடுத்த பிரஷர் மாத்திரை ஒண்ணு. கம்பெனி வேற, பேரு வேற, மருந்து ஒண்ணே! நைனா ரெண்டையும் போட்டுக்கினு இருந்திருக்காரு.

"ஏமய்யா, இந்த டாக்டர்கிட்ட போனா அந்த டாக்டர் சீட்டை காட்ட மாட்டியா?"

"எப்படி சார்... கோச்சிக்குவாங்களே."

சார் சிரிக்கல. அப்புறம் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு போய்ட்டு வந்தாலும் மொதல்ல அவரு டேபிள்ல கொட்டிட்டு தான் மறு வேலை.

நான் ஸ்ரீசிட்டில ஒரு கம்பெனில ஷிப்ட்டு வேலை பாக்கறேன். ஒரு நாளு நெஞ்சுல சுருக்கு சுருக்குன்னு குத்துச்சு. போன்ல தேடிப் பாத்து, சாகப் போறேன்னே முடிவு பண்ணிட்டு அழுதுக்கினு போய் நின்னேன்.

"என்னா துன்னே? எப்போ துன்னே? தூங்கனியா இல்லியா?" பொறுமையா ஒண்ணொண்ணா கேட்டாரு. வயித்துல கேஸா தான் இருக்கும்னு சொல்லிட்டு ஈசிஜியும் எடுத்தாரு.

"கேஸ்னு சொல்லிட்டு இது எதுக்கு சார்?"

"உனக்கு மட்டும் தான் பயமா? எனக்கும் பயந்தான் மா."

ரிப்போர்ட் நல்லா தான் வந்துச்சு. அப்படியும் அடுத்த வாரம் அவரே போன் போட்டு, இப்போ எப்படிம்மா இருக்குதுன்னு கேட்டாரு. எந்த டாக்டர் கேப்பாரு சொல்லுங்க...

சாவு ஊட்டுக்கு போய்ட்டு இப்போ தான் வந்தோம். அழுதுக்கினு இருந்தவங்க எல்லாம் ஒண்ணே தான் கேக்கறாங்க... இனிமே யாருகிட்ட காட்றது?

திருப்பதி ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக்கினே இருக்கேன், லைன் கெடைக்கல. பழசோட புதுசும் சேத்து போடலாமா, பழச நிறுத்தணுமா... ஒண்ணும் புரியல. போடுன்னு சொல்லவும் பயமா இருக்கு, வேணாம்னு சொல்லவும் பயமா இருக்கு.

நைனா தண்ணி சொம்ப கைல வெச்சிக்கினு என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்காரு.

போய் வாங்க சார்...