துடுப்பில் வைத்த காது

அந்தச் சிறுமியின் இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது. மருந்துக்காக வைத்ததல்ல, கடல் சத்தம் கேட்காமலிருக்க வைத்தது. சுனாமி அவள் அப்பாவைக் கொண்டுபோனதற்கு அடுத்த ஆண்டு அது. மரக்காணத்துக்கு அருகே ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். ஆறாம் வகுப்பில் இருந்த அவள், அலை இரைச்சல் கூடினால் பாதி பாடத்தில் எழுந்து ஓடிவிடுவாள். "பெரியம்மா வூட்டுக்கு பிரம்மதேசம் அனுப்பிடறேன் சார். படிப்பு போதும், மாடு மேய்க்கட்டும். அங்க கடல் சத்தம் இல்ல" என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அறிவியல் டீச்சர் அவளுக்கு ஆறுதல் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஒலி பற்றிய பாடம் வந்ததும் பிள்ளைகளை உப்பளங்களைத் தாண்டிக் கழிமுகத்துக்கு அழைத்துப்போனார். துணைக்கு நானும் போனேன். காற்று விழுந்திருந்தது. பாத்திகளில் தேங்கிய நீரில் வானம் அப்படியே தெரிந்தது. கரையோரப் படகிலிருந்த துடுப்பை எடுத்து, அகன்ற முனையைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

"காத்துல போறதைவிட தண்ணியிலயும் மரத்துலயும் சத்தம் வேகமா ஓடும். நம்பாட்டி இந்தப் பிடியில காதை வெச்சுப் பாருங்க."

முதலில் வைத்த பையன் சிரித்தான். "டீச்சர், உள்ள யாரோ கடுகு தாளிக்கிறாங்க."

"மீனு தனக்குத்தானே கொழம்பு வைக்குதுடா" என்றான் அடுத்தவன்.

கொடுக்கைச் சொடுக்கும் சின்ன இறால்கள் அவை என்றார் டீச்சர். நானும் குனிந்து கேட்டேன். அசைவே இல்லாத நீருக்கு அடியில் ஓயாத படபடப்பு. அத்தனை வருடம் ஊமைத் தண்ணீர் என்று நினைத்து அதன் ஓரமாக நடந்திருக்கிறேன். இன்று பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போதும் சன்னல் பக்கம் என் தலை தானாகச் சாய்கிறது.

பின்னால் நின்ற அந்தச் சிறுமி ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தாள். துடுப்பில் காதை வைத்து நெடுநேரம் அசையாமல் இருந்தாள்.

"அன்னிக்கும் இதுங்க இப்படித்தான் சத்தம் போட்டிருக்குமா டீச்சர்?"

டீச்சர் துடுப்பை ஆடாமல் பிடித்துக்கொண்டார். "தெரியலம்மா. அதுக்கப்புறமும் போட்டுக்கிட்டுதான் இருக்குது."

அப்போது துணிப்பையோடு அவள் அம்மா வந்து சேர்ந்தார். "வாடி, பிரம்மதேசம் பஸ் வந்துடும்."

அவள் அம்மாவின் கையைப் பிடித்துத் துடுப்பருகே இழுத்தாள். கணவர் போனதிலிருந்து தண்ணீர் பக்கமே வராதவர், கரைச் சேற்றில் மண்டியிட்டுக் காதை வைத்தார். சாலையில் பஸ் ஹாரன் அடித்துக் கடந்து போனது. அவர் தலை நிமிரவில்லை. வரிசையில் முணுமுணுப்பு எழுந்ததும் மகள்தான் அவர் தோளைத் தொட்டாள்.

"போதும்மா, இன்னும் பசங்க கேக்கணும். நீ நாளைக்கு வந்து கேளு."