களைப்பே தெரியாத திருமலை

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையொன்றில் உலைப் பக்கம் வேலை பார்க்கும் திருமலைக்கு 'முடியவில்லை' என்ற சொல் மட்டும் அந்தப் பாழாய்ப்போன வாயில் வராது. 2006-இல் ஒரு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தான்.

அதற்கான பயிற்சியின் முதல் நாள் காலை, அவனை டிரெட்மில்லில் ஏற்றிய பயிற்சியாளர் ஹேமாவதி தெளிவாகவே சொன்னார். "மூச்சு முட்ட ஓட வேணாம். மெதுவா ஓடு. எவ்ளோ களைப்புன்னு மட்டும் உண்மையச் சொல்லு. எந்த வேகம் வரைக்கும் உன் உடம்பு தாங்கும்னு நான் கணக்குப் போட்டுக்கறேன்."

முதல் வேகத்தில், எவ்வளவு களைப்பு என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

அடுத்த வேகத்திலும் அதே பதில். துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டிய பட்டைக்குப் பொய் தெரியாது. திரையில் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. அவன் உதடு வெளுத்தது. கால் இடறியது.

"இப்போ?"

"சூப்பரா கீது மேடம்."

ஹேமாவதி பட்டென்று இயந்திரத்தை நிறுத்தினார். "இன்னாத்துக்குப் பொய் சொல்ற?"

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவன் மூச்சு வாங்கினான். "எங்க கம்பெனில டயர்டுன்னு சொன்னா மறுநாளு உள்ள விடாம கேட்டாண்டயே நிறுத்திடுவாங்க மேடம். வாயி அப்டியே பழகிப்போச்சி."

"இங்க உன்னை யாரும் நிறுத்த மாட்டாங்க. சொல்லு, களைப்பு எப்போ ஆரம்பிச்சுது?"

திருமலை கதவைத் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை.

"ஏறும்போதே மேடம். நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு நேரா இங்கதான் வரேன்."