நான் எடுத்த நிழலைக் காணோம்

ஆமாங்க, மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் சித்தி மகளின் காதணி விழா ஃப்ளெக்ஸில் வெள்ளை வெளேரென்று சிரிப்பது எங்கம்மாதான். ஆளாளுக்குக் கேட்டது போதும்.

படம் நான் எடுத்தது. கதவைப் பாதி சாத்தி, காலை வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழுகிற மாதிரி அம்மாவை உட்காரவைத்தேன். பாதி முகம் வெளிச்சம், பாதி நிழல். காலேஜை விட்டபின் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஃப்ளெக்ஸ் டிசைன் செய்தவன் கார்த்தி. என்னோடு வெயிலில் அலைந்து படம் எடுக்கப் பழகியவன். "நெழல் இருந்தாத்தான் மாப்ள மூஞ்சி மூஞ்சியா இருக்கும்" என்று எனக்குச் சொன்னவனே அவன்தான்.

இன்று ஆரப்பாளையத்தில் அவன் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கே போய்விட்டேன்.

"நெழலு எங்கடா?"

"அழிச்சிட்டேன் மாப்ள."

"எங்கம்மா கலரு?"

"அதையுந்தான். கருப்பா போட்டா சொந்தக்காரய்ங்க சண்டைக்கு வருவாய்ங்கடா."

"எங்க வீட்ல எவன்டா வந்தான்?"

கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான்: "ஒங்கம்மாதான்டா போன் பண்ணுச்சு. 'அவன் என்னமோ இருட்டுல எடுத்து வச்சிருக்கான், நீ நல்லா வெளுப்பா போடு தம்பி'ன்னுச்சு."

அம்புட்டுத்தான். சண்டை போடப் போனவன் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நான் இப்போது யாரோடு பேசாமல் இருப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

அம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறார். அந்த ஃப்ளெக்ஸ் பக்கத்தில் தன்னை நிறுத்தி ஒரு படம் எடுக்கணுமாம். "மூஞ்சில நெழல் விழாம எடுக்கணும்டா."

போறேன்.