பிரான்சிஸ் அண்ணனும் பயத்துக்கு ஊற்றிய பெட்ரோலும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பிரான்சிஸ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி நம் ஒரகடம் தொழிற்சாலையின் வாட்ஸப் குழுவில் வந்தபோது, என் கணவர் சேகர் சமையலறையில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் கேஸ் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "தூக்கத்துலயே மாரடைப்பு" என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. நிமிர்ந்து சேகரைத்தான் பார்த்தேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்த நிமிடம் எனக்கு வந்தது துக்கம் இல்லை, பயம். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவர் இன்ஜின் டெஸ்டிங் பிரிவு. நான் தரக்கட்டுப்பாடு. எனக்கு அவர் நெருக்கமானது என் காரால்தான். படப்பையிலிருந்து ஒரகடம் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுவது எனக்குத் தினமும் ஒரு கண்டம். சில வருஷங்களுக்கு முன்பு மேம்பாலம் ஏறும்போதெல்லாம் என் கார் லேசாக உதறத் தொடங்கியது. பின்னால் லாரி வரும்போது வண்டி நின்றுவிட்டால்? நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கும். யாரிடமும் காட்டாமல் பிரீமியம் பெட்ரோல் போட ஆரம்பித்தேன். விலை கூடுதல் என்றால் வண்டிக்குத் தெம்பும் கூடுதல் என்று ஒரு நம்பிக்கை.

ஒரு நாள் பெட்ரோல் பங்கில் எனக்குப் பின்னால் அவர் வண்டி நின்றது. நான் பிரீமியம் கேட்டதைக் கேட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"இன்னா சிஸ்டர், ரேஸுக்குப் போறீங்களா?"

"வண்டி உதறுது அண்ணே. நல்ல பெட்ரோல் போட்டா சரியாயிடும்னு..."

பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். என் வண்டிக்குச் சாதா பெட்ரோலே போதும் என்று தயாரித்தவர்களே அதில் போட்டிருந்தார்கள். "பிரீமியத்துல ஆக்டேன் ஜாஸ்தி. ஆக்டேன்னா சக்தின்னு நெனச்சிகினு கீறாங்க எல்லாரும். அது சக்தி இல்ல, பொறுமை. அழுத்தம் ஜாஸ்தியா இருக்கிற இன்ஜின்ல, நேரத்துக்கு முன்னாடி வெடிக்காம தாங்கிக்கும். உங்க இன்ஜின்ல அவ்ளோ அழுத்தமே கெடையாது. அந்தப் பொறுமைக்கு அங்க இன்னா வேலை? நீங்க வண்டிக்கு ஊத்தல சிஸ்டர், உங்க பயத்துக்கு ஊத்துறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனாலும் அந்த வாரமே ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியதும் உதறல் நின்றது. சாதா பெட்ரோலிலேயே கார் பாலம் ஏறியது.

இவ்வளவு பேசுகிறவர் தன் காருக்குக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் பிரீமியம் போடுவார். பிடித்துக் கேட்டால், "எனக்கு மட்டும் பிரியாணி, அதுக்கு ரசஞ்சோறா?" என்பார். பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தே செய்கிற அந்தக் கூத்து நம் கேன்டீனில் வருஷா வருஷம் கேலிப் பொருள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விளையாடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தொழிற்சாலையில் வருஷம் ஒருமுறை மெடிக்கல் கேம்ப் நடக்கும். நாமெல்லாம் ஈ.சி.ஜி. எடுக்க வரிசையில் நிற்போம். அவர் மட்டும் அன்றைக்கு டெஸ்ட் ரூமை விட்டு வெளியே வரமாட்டார். ஆள் அனுப்பினால், "இன்ஜின் ஓடிகினு கீதுப்பா, உட்டுட்டு எப்படி வர்றது?" என்று பதில் வரும். டெஸ்டிங்கில் இருக்கும் யாருக்கும் அது நியாயமான காரணம். அதனால் ஒருவரும் வற்புறுத்தவில்லை.

சென்ற மாதம் ஒரு ரிப்போர்ட் வாங்க அவர் மேஜைக்குப் போனேன். சத்து மாத்திரை, புரோட்டீன் பவுடர், பாதாம் என்று வரிசையாக அடுக்கியிருந்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம், அதற்காக.

"அண்ணே, இது மட்டும் பிரீமியம் பெட்ரோல் இல்லையா? போய் ஒரு டெஸ்ட் எடுங்க" என்றேன்.

சிரித்தார். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் வரவில்லை. "டேஷ்போர்டுல லைட்டு எதுவும் எரியலியே சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை என் கையில் திணித்தார்.

மண்ணூரில் அடக்கத்துக்குச் சேகரும் என்னோடு வந்தார். அண்ணனின் மனைவி ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "எத்தினியோ வாட்டி ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டேன். டாக்டரு இன்னாவது சொல்லிட்டா தாங்கமாட்டேன் ஸ்டெல்லான்னாரு. கொயந்த மாதிரி பயந்துகினாரு" என்று சொல்லி அழுதார். ஓர் இன்ஜின் லேசாக இருமினால்கூடப் பிரித்துப் பார்க்காமல் விடாத மனிதர், தன் நெஞ்சைத் திறந்து பார்க்க மட்டும் இவ்வளவு பயந்திருக்கிறார். அவர் மீது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் வருகிறது.

திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "வாங்க, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"எனக்கு வெறும் கேஸ்தாம்மா" என்றார் சேகர்.

"பயமா இருக்கா?"

சீட் பெல்ட்டை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "ஆமா" என்றார்.

"எனக்கும்தான். ரெண்டு பேரும் பயந்துகிட்டே போலாம்."

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ அறைக்கு வெளியே உட்கார்ந்து, நம் குழுவுக்காக இதைக் கைபேசியில் எழுதுகிறேன். சேகர் உள்ளே இருக்கிறார். ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர், எக்கோவும் எடுத்துவிடுங்கள் என்று இங்கே அனுப்பினார்.

அண்ணனின் கேலியை நினைவில் வைத்துக்கொள்ள நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். இன்ஜின் சத்தத்திலேயே கோளாறைக் கண்டுபிடிக்கும் அவருடைய கூர்மையான காதைப் பற்றி டெஸ்டிங்கில் இருப்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் எடுத்து வைத்துக்கொண்டது வேறு. அவர் கடைசி வரை போகாத பரிசோதனையை வைத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் மட்டும் சம்மதித்திருந்தால், இப்படி ஒரு நாற்காலியில் ஸ்டெல்லாவும் உட்கார்ந்திருப்பார். பயந்துகொண்டாவது உட்கார்ந்திருப்பார்.

கதவு திறக்கிறது. "சேகர் கூட வந்தவங்க யாரு?" என்று நர்ஸ் கேட்கிறார்.

நான்தான்.